157 கிலோமீட்டரின் விலை

2017 அக்டோபரில் அருணாசலப் பிரதேசத்தின் விஜய்நகரில் ஒரு மூட்டை சிமெண்ட் 8,000 ரூபாய். கழிப்பறையில் பதிக்கும் பீங்கான் கோப்பை ஒன்று 2,000 ரூபாய். மாநிலப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையினரே செய்தியாளர்களிடம் சொன்ன விலைகள் இவை. திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத மாநிலமாக அந்த ஆண்டு டிசம்பருக்குள் அருணாசலத்தை அறிவித்துவிட வேண்டும் என்று வேலை மும்முரமாக நடந்த நேரம் அது. ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு மத்திய அரசு 10,800 ரூபாய் கொடுத்தது. மாநில அரசு 9,200 ரூபாய் சேர்த்தது. கூட்டினால் 20,000.

சமவெளியில் சிமெண்ட் மூட்டை 400 ரூபாய்க்கு முன்பின் விற்றது. அந்த விலையில் 20,000 ரூபாய்க்கு ஐம்பது மூட்டை வரும். விஜய்நகரில் அதே பணத்துக்கு இரண்டரை மூட்டை. கோப்பைக்கான 2,000 ரூபாயைக் கழித்துவிட்டால் இரண்டே கால். மணல், கல், கதவு, தகரம், குழாய், கொத்தனார் கூலி எதற்கும் ஒரு ரூபாய் மிஞ்சாது. குழிக்கு உறையிறக்கி, மேடை போட்டு, சுவர் பூச நான்கு மூட்டை வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சிமெண்டும் கோப்பையும் மட்டுமே 34,000 ரூபாய். மானியத்துக்கு மேல் 14,000 ரூபாயை வீட்டுக்காரர் எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். மூங்கிலால் சுவரெடுத்து, சிமெண்டை மேடைக்கு மட்டும் வைத்துக்கொண்டால்தான் கணக்கு ஓரளவு கட்டுக்குள் வருகிறது.

இந்த விஜய்நகர் ஹம்பியின் விஜயநகரம் அல்ல. அருணாசலத்தின் தென்கிழக்கு மூலையில், சாங்லாங் மாவட்டத்தில், மூன்று பக்கமும் மியான்மர் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. நோவா-திஹிங் ஆறு அந்தப் பக்கத்து மலைகளில் பிறந்து மேற்கே ஓடுகிறது. ஊருக்கும் அதற்கு அருகிலுள்ள நகரமான மியாவுக்கும் நடுவே 157 கிலோமீட்டர். அந்த வழியின் பெரும்பகுதி நம்தாபா காட்டுக்குள் போகிறது. 1983இல் தேசியப் பூங்காவாகவும் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட நம்தாபாவின் பரப்பு 1,985 சதுர கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தில் தொடங்கி, தாபா பும் சிகரத்தில் 4,571 மீட்டர் வரை ஒரே பூங்காவுக்குள் ஏறுகிறது. உலகில் தாழ்நிலப் பசுமைமாறா மழைக்காடு இவ்வளவு வடக்கே வேறெங்கும் இல்லை. ஹோலாங் மரங்கள் கிளை விடாமல் வானை நோக்கிப் போகும். ஹூலக் குரங்குகளின் கூப்பாடு காலையில் காட்டை நிறைக்கும். நடந்து போகிறவர்களுக்கு முதலில் அறிமுகமாவது அட்டைப்பூச்சி.

எட்டாயிரம் ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். அதில் சிமெண்டின் விலை 400. மீதி 7,600 ரூபாய் முழுக்கச் சுமைக்கூலி. ஐம்பது கிலோ மூட்டைக்கு 7,600 என்றால் கிலோவுக்கு 152 ரூபாய். அதை 157 கிலோமீட்டரால் வகுத்தால், ஒரு கிலோ பொருளை ஒரு கிலோமீட்டர் நகர்த்த 97 காசு ஆகிறது. ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக ஏறத்தாழ 970 ரூபாய். இந்திய நெடுஞ்சாலைகளில் லாரிச் சரக்குக்கு அதே டன்-கிலோமீட்டர் சுமார் இரண்டரை ரூபாய்க்கு முடிகிறது. விஜய்நகர்க்காரர் கொடுப்பது அதைப்போல ஏறத்தாழ 390 மடங்கு.

இந்த விலையைக் கேட்டதும் யாரோ கொள்ளையடிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். சுமப்பவரின் பக்கம் நின்று கணக்குப் போட்டால் அப்படி யாரும் அகப்படவில்லை. சாமான்களைக் காட்டின் விளிம்பில் இறக்கி, ஆட்கள் முதுகில் ஏற்றி, ஐந்து நாள் நடந்து ஊர் சேர்த்தார்கள். வழி முழுவதும் நடை என்றால் நாளொன்றுக்குச் சராசரி 31 கிலோமீட்டர். மலையேற்றம், சரிந்த மண், பாலமில்லாத ஓடைகள், முதுகில் பாரம். போக ஐந்து நாள், திரும்ப ஐந்து நாள் என்றால் ஒரு நடைக்குப் பத்து நாள். மூட்டையை ஒருவரே சுமந்தால் நாள் கூலி 760 ரூபாய். இருவர் பங்கிட்டுச் சுமந்தால் ஆளுக்கு 380. அந்த ஆண்டு நூறு நாள் வேலைத் திட்டத்தில் அருணாசலத்துக்கு அறிவிக்கப்பட்ட கூலி 177 ரூபாய். அதைப்போல இரண்டு பங்குக்குச் சற்று மேலே கிடைக்கிறது, அவ்வளவுதான். வழியில் கடை கிடையாது. நாளுக்கு 700 கிராம் அரிசி என்றாலும் பத்து நாளுக்கு ஏழு கிலோ. அதையும் அவரேதான் சுமக்க வேண்டும். அந்தப் பாரத்துக்குக் கூலி கிடையாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் எட்டாயிரம் ரூபாயில் யாருடைய லாபமும் தெரியவில்லை. ஒரு மனிதனின் பத்து நாள் உழைப்புத்தான் தெரிகிறது.

அந்த மனிதர் யார் என்பதையும் பேரேட்டில் எழுத வேண்டும். சுமந்தவர்கள் சக்மா தொழிலாளர்கள். அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங் மலைப்பகுதியில் கர்ணபூலி ஆற்றில் காப்டாய் அணை கட்டப்பட்டு அவர்களுடைய வயல்கள் நீரில் போயின. 1964 தொடங்கி இந்தியாவுக்கு வந்தவர்களை அரசே அன்றைய வடகிழக்கு எல்லைப்புற முகமையில் குடியமர்த்தியது. இன்றைய அருணாசலத்தின் அப்போதைய பெயர் அது. சக்மாக்களும் ஹஜோங்குகளுமாக அன்று வந்தவர்கள் 14,888 பேர். அவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்ன பிறகும் அந்தப் பிரச்சினை மாநில அரசியலில் ஓயவில்லை. தன் பெயரில் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதியில்லாத ஒருவர், இன்னொருவர் வீட்டுக் கழிப்பறைக்கான சிமெண்டை ஐந்து நாள் சுமந்து போகிறார். தூய்மை இந்தியாத் திட்டத்தின் அறிக்கைகளில் இவருக்கென்று ஒரு பத்தி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இவ்வளவு தூரத்தில் மனிதர்கள் ஏன் வாழ்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். வாழ்ந்தவர்களும் இருந்தார்கள், வாழ வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். அரசு அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டுகொள்வதற்கு முன்பே அங்கே லிசு மக்கள் இருந்தார்கள். அருணாசலத்தில் யோபின் என்றும் அவர்களை அழைப்பார்கள். சீனாவின் யுன்னான், மியான்மரின் கச்சின், தாய்லாந்து என்று பரந்து கிடக்கும் ஓர் இனத்தின் மேற்குக் கோடி இவர்கள். பள்ளத்தாக்கை அவர்கள் தாவோதி என்றார்கள். 1961இல் மேஜர் சுமேர் சிங் தலைமையில் அசாம் ரைஃபிள்ஸ் படை அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் படையின் தலைமை அதிகாரி குராயா தன் மகன் விஜயின் பெயரை ஊருக்கு வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில், எல்லையில் ஆள் இருக்க வேண்டும் என்பதற்காகவே, ஓய்வுபெற்ற அசாம் ரைஃபிள்ஸ் வீரர்களின் சுமார் 200 குடும்பங்களை அரசு அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தது. பெரும்பாலும் கூர்க்காக்கள். இன்று அந்த நிர்வாக வட்டத்தின் சிற்றூர்களில் எல்லாருமாகச் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம் பேர். லிசு மக்களின் பெரிய ஊர் காந்திகிராம். வழியில் இருக்கும் குடியிருப்புகள் சிலவற்றுக்கு மைல்கல் எண்ணே பெயர்: ஐம்பத்திரண்டாம் மைல், எண்பதாம் மைல்.

வெளியிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து எல்லையில் வைத்த அரசு, ஏற்கெனவே இருந்த லிசுக்களை நெடுங்காலம் அயலார் என்று சந்தேகப்பட்டது. கேள்விக்குள்ளான அவர்களுடைய குடியுரிமை 1994இல்தான் திரும்பக் கிடைத்தது. இரண்டு தரப்புக்கும் நடுவே நிலமும் வாக்குரிமையும் பற்றிய கசப்பு இருக்கிறது. 2020 டிசம்பர் 11 அன்று, ஊராட்சித் தேர்தலில் முன்னாள் படைவீரர் குடும்பங்களின் உரிமையை எதிர்த்த போராட்டத்தில் விஜய்நகரின் அரசு அலுவலகங்கள் எரிந்தன. யார் பக்கம் நியாயம் அதிகம் என்று தொலைவிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் இரு தரப்பும் உப்புக்குக் கொடுத்த சுமைக்கூலி ஒன்றுதான்.

உப்பையே எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 25 கிராம், ஆண்டுக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல். சமவெளியில் கிலோ 20 ரூபாய் வீதம் அது ஏறத்தாழ 180 ரூபாய்ச் செலவு. சிமெண்டுக்குக் கொடுத்த அதே 152 ரூபாய்ச் சுமைக்கூலியில் வந்தால் கிலோ 172. ஆண்டுக்கு 1,570 ரூபாய். உப்பு, உடம்புக்கு அடிப்படையான சரக்கு. அதைக் குறைத்துக்கொள்ள ஏழைக்கு வழி இல்லை. மிளகாயைத் தோட்டத்தில் போடலாம், எண்ணெயைத் தொடாமல் வேகவைத்துத் தின்னலாம், சர்க்கரை இல்லாமல் தேநீர் குடிக்கலாம். உப்பு மட்டும் இந்த மலையில் விளையாது. அட்டைப்பூச்சியை உதறவும் நடைவழியில் அதே உப்புத்தான்.

அரிசிக் கணக்கு இன்னும் கடுமையானது. உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஆளுக்கு மாதம் 5 கிலோ. ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 300 கிலோ. அன்று கிலோ மூன்று ரூபாய் என்ற விலையில் 900 ரூபாய். 2023 ஜனவரி முதல் அதுவும் இலவசம். ஆனால் மியாவில் அரிசியை வாங்கிக்கொண்டு கூலிக்கு ஆள் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தால் 45,600 ரூபாய் ஆகும். நியாயவிலைக் கடை வாசல் வரை தானியத்தைச் சேர்ப்பது அரசின் கடமை என்று அந்தச் சட்டமே சொல்கிறது. கடை எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கடை மியாவில் இருந்தால் இலவச அரிசியின் விலை கிலோ 152 ரூபாய். அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் தேங்கும் சமதளங்களில் நெல் விளைகிறது, மலைச்சரிவில் காடெரிப்பு விவசாயமும் நடக்கிறது. மக்கள் பட்டினி கிடக்காததற்கு முதல் காரணம் அவர்களுடைய வயல்தான்.

வரவுப் பக்கத்தில் என்ன இருக்கிறது? 152 ரூபாய் என்ற அந்த எண் இங்கேயும் வந்து நிற்கிறது. கிலோவுக்கு 152 ரூபாய்க்குக் கீழே விலைபோகும் எந்தப் பொருளையும் கூலிக்கு ஆள் வைத்து இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே அனுப்பிப் பயனில்லை. இஞ்சி, ஆரஞ்சு, காய்கறி, நெல் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. விளைந்தது ஊருக்குள்ளேயே தீர வேண்டும், இல்லாவிட்டால் அழுக வேண்டும். கோட்டுக்கு மேலே நிற்கும் பயிர் பெரிய ஏலக்காய். கிலோ 500 ரூபாய் கிடைத்தால் 30 கிலோ மூட்டைக்கு 15,000. கூலிக்குச் சுமக்க வைத்தால் 4,560 போக 10,440 மிஞ்சும். தானே சுமந்தால் முழுப் பணமும் கையில், ஆனால் பத்து நாள் வயலைவிட்டு விலகியிருக்க வேண்டும். 2014, 2015 ஆண்டுகளில் பெரிய ஏலக்காய் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிப் போனது. அந்த ஆண்டுகளில் அதே மூட்டைக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வந்திருக்கும். பிறகு விலை சரிந்தது. ஒற்றைப் பயிரை நம்பி ஒரு பள்ளத்தாக்கே நடக்கிறதென்றால் சந்தையில் விலை பாதியானால் குடும்பத்தின் வருமானமும் பாதியாகிறது. சுமை குறைவதில்லை, தூரமும் குறைவதில்லை.

காட்டைப் பற்றிய விவாதத்தில் இந்தக் கோட்டை யாரும் போதுமான அளவு பேசுவதாக எனக்குத் தெரியவில்லை. குறைந்த எடையில் அதிக விலைபோவதுதான் நடந்தே வெளியே போக முடியும் என்றால், அந்த வரிசையில் ஏலக்காய்க்கும் மேலே நிற்பவை காட்டுப் பொருள்கள்: மிஷ்மி தீதா என்ற மருந்து வேர், அகில் கட்டை, அவற்றுக்கும் மேலே விலங்குகளின் உடற்பாகங்கள். பாதை இல்லாததால் காடு பத்திரமாக இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பாதை இல்லாத ஊரில் எளிய விளைச்சலுக்கு விலையில்லாமல் போவதையும் பார்க்க வேண்டும். இந்த உறவைப் புரிந்துகொண்ட காட்டுயிர் ஆய்வாளர்களும் இருந்தார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த அபராஜிதா தத்தாவும் அவருடைய தோழர்களும் 2000களில் லிசு கிராமங்களோடு வேலை செய்தபோது, காடு பற்றிப் பேசுவதோடு நிற்காமல் பள்ளிக்கூடம், மருந்து ஆகியவற்றிலும் கைவைத்தார்கள். சரியான கணக்கு அது. ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் மலேரியா மாத்திரையின் எடை சில கிராம். அதன் பயனை எந்தச் சுமைக்கூலியாலும் வகுத்துப் பார்க்க முடியாது.

ஆனால் பாதை வந்தால் காடு பிழைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சாலை மரத்தையும் வெளியே கொண்டுபோகும். ஐம்பது கிலோ ஏலக்காய் ஏறும் வண்டியில் அரை டன் மரம் ஏறும். நான்கு வகைப் பெரும்பூனைகள் புழங்கும் காடு என்று பெயர்பெற்றது நம்தாபா. 1981இல் விவரிக்கப்பட்ட நம்தாபா பறக்கும் அணில் போன்ற உயிர்கள் வாழும் இடம். சோதனைச் சாவடியும் காவலரும் இல்லாத சாலையை அங்கே திறப்பது பெரும் தவறு. காவலுக்கு ஆகும் செலவையும் சாலையின் மதிப்பீட்டிலேயே எழுத வேண்டும்.

சாலைக்கு முன் வானம் இருந்தது. இந்தப் பகுதியின் வரலாற்றில் வானவழிச் சரக்கு புதிதல்ல. 1942 கோடையில் ஜப்பானியப் படைக்குத் தப்பி, பர்மாவிலிருந்து சௌகான் கணவாய் வழியாக ஒரு சிறு கூட்டம் இந்தப் பள்ளத்தாக்குக்குள் இறங்கியது. மழையில் தாபா ஆறு பெருகி வழியை அடைத்துவிட்டது. ஜைல்ஸ் மக்ரெல் என்ற ஆங்கிலேயர் யானைகளையும் பாகர்களையும் திரட்டிக்கொண்டு போய்ச் சுமார் 200 பேரைக் கரைசேர்த்தார். சிக்கியிருந்தவர்களுக்கு விமானங்கள் உணவு போட்டன. சுதந்திரத்துக்குப் பிறகும் 1950களில் எல்லைப்புற முகமையின் நிர்வாக நிலையங்கள் பல விமானத்திலிருந்து போட்ட மூட்டைகளை நம்பியே நின்றன. பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ் அந்த வேலையில் பெயர் பெற்றது.

விஜய்நகருக்கு ஒரு தரையிறங்கு தளம் இருக்கிறது. ஓடுதளம் சிதைந்ததால் 2016இல் விமானங்கள் இறங்குவது நின்றது. சீரமைத்து 2019 செப்டம்பர் 18 அன்று மீண்டும் திறந்தார்கள். 2017இன் எட்டாயிரம் ரூபாயை இந்தத் தேதிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தரையில் வண்டி இல்லை, விமானம் இறங்காது, ஹெலிகாப்டர் வாரம் ஒருமுறை, அதுவும் மேகம் விட்டால். அந்த நிலையில்தான் அரசு அங்கே கழிப்பறை இலக்கை நிறைவேற்றச் சொன்னது. விமானப்படையின் ஏஎன்-32 அதிகபட்சம் சுமார் 6.7 டன் சுமக்கும். மலைநடுவே உள்ள சிறு ஓடுதளத்தில் அவ்வளவு ஏற்றிக்கொண்டு இறங்க முடியாது என்று 4 டன்னாக வைத்துக்கொள்வோம். அது எண்பது மூட்டை சிமெண்ட். ஒருவர் ஒரு மூட்டை என்றால் எண்பது பேரின் பத்து நாள் உழைப்பு. 800 ஆள்-நாள்கள் ஒரு பயணத்தில் மிச்சம்.

இன்னொரு கணக்கு. நாலாயிரம் பேருக்கும் வெளியிலிருந்து ஆளுக்கு வாரம் ஒரு கிலோ மட்டும் வரவேண்டும் என்று வைப்போம். உப்பு, எண்ணெய், சோப்பு, சர்க்கரை, மருந்து, நோட்டுப் புத்தகம், ஆணி, துணி எல்லாம் அந்த ஒரு கிலோவுக்குள். மிகக் கஞ்சமான அளவு இது. ஆண்டுக்கு 208 டன். முதுகில் வந்தால் சுமைக்கூலி 3 கோடியே 16 லட்சம் ரூபாய். 4 டன் விமானத்தில் வந்தால் ஆண்டுக்கு 52 பயணம், வாரம் ஒன்று.

3 கோடியே 16 லட்சம் பெரிய தொகையா? எல்லையின் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். மியான்மருடனான 1,643 கிலோமீட்டர் எல்லைக்கு வேலியும் ரோந்துச் சாலையும் அமைக்க 31,000 கோடி ரூபாய் என்ற மதிப்பீடு 2024இல் வெளியானது. அந்த எல்லையில் அருணாசலத்தின் பங்கு 520 கிலோமீட்டர். மொத்தத்தை வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 18 கோடியே 87 லட்சம். ஒரு கிலோமீட்டர் வேலியின் செலவில் விஜய்நகர் வட்டம் முழுவதற்கும் வேண்டிய சாமானை, மிக அதிகமான முதுகுச் சுமைக்கூலியிலேயே, ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். எல்லையில் ஆள் இருக்க வேண்டும் என்றுதான் இருநூறு குடும்பங்களை அங்கே கொண்டுபோனார்கள். அப்படியென்றால் அங்கே மனிதர் வாழ்வதும் எல்லைக் காவலின் ஒரு பகுதி. அந்தக் காவலுக்கான செலவை அரை நூற்றாண்டாக அந்த வீடுகளே உப்பிலும் சிமெண்டிலும் கொடுத்து வந்திருக்கின்றன. அரசு அதை எந்தத் தலைப்பிலும் வரவு வைக்கவில்லை.

நோயாளியைச் சுமக்கும் கணக்கை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். மூங்கில் தூளியில் ஒருவரைத் தூக்கிப்போக, மாற்றி மாற்றிச் சுமக்க, எட்டுப் பேராவது வேண்டும். போக ஐந்து நாள், வர ஐந்து நாள். எட்டுப் பேருக்கு நாளுக்கு 380 ரூபாய் வீதம் 30,400 ரூபாய். உறவுக்காரர்கள் கூலி கேட்கமாட்டார்கள். அவர்கள் வயலில் விட்டுவந்த எண்பது ஆள்-நாள்கள்தான் அந்தக் கூலி. பிரசவ வலியோ குடல்வால் வெடிப்போ ஐந்து நாள் காத்திருப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அறுவைச் சிகிச்சைக்கு வழி இல்லாத ஊரில், மேகம் விலகுமா என்று வானத்தைப் பார்ப்பதுதான் உயர் சிகிச்சைக்கான வழியாக இருந்திருக்கிறது.

சாலை வருகிறது. 1970களில் ஒருமுறை வெட்டிய பாதையைக் காடு விழுங்கிவிட்டது. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் மீண்டும் வேலை தொடங்கி, ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2021 மார்ச்சில் முதலமைச்சர் பெமா காண்டு மியாவிலிருந்து தரைவழியாகவே விஜய்நகர் போய்ச் சேரும் அளவுக்கு வந்தது. பொம்டிலாவில் தொடங்கி மலைகளின் ஓரமாகவே வந்து விஜய்நகரில் முடியும் எல்லைப்புற நெடுஞ்சாலை ஒன்றும் திட்டத்தில் இருக்கிறது. சுமார் 1,748 கிலோமீட்டர், 40,000 கோடி ரூபாய் மதிப்பீடு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 22 கோடியே 88 லட்சம். எல்லைக் கிராமங்களுக்கான துடிப்பான கிராமங்கள் திட்டம் 2023இல் 4,800 கோடியில் தொடங்கியபோது சீனாவைப் பார்த்த வடக்கு எல்லை மட்டுமே அதில் இருந்தது. மியான்மரைப் பார்த்த ஊர்களையும் சேர்த்த இரண்டாம் கட்டம் 6,839 கோடி ரூபாயில் 2025 ஏப்ரலில்தான் ஒப்புதல் பெற்றது. 2028–29 வரை அதற்குக் காலம்.

சாலை நிலைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் எண் இருக்கிறது. மலைச்சாலை, மோசமான சாலை, திரும்பும்போது வெறும் வண்டி, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சமவெளியைப் போலப் பத்து மடங்கு வாடகை, அதாவது டன்-கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று வைத்தாலும், ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மியாவிலிருந்து 196 ரூபாய்தான் ஆகும். மூட்டை 600 ரூபாய். உப்பு கிலோ 24 ரூபாய். கிலோ 30 ரூபாய்க்கு விற்கும் இஞ்சிகூட அப்போது வெளியே போகலாம், கிலோவுக்கு நான்கு ரூபாய் வாடகையோடு.

ஆனால் நம்தாபாவில் மழை மே மாதத்திலிருந்தே கனக்கத் தொடங்கி செப்டம்பர் வரை நிற்காது. ஆண்டு மழை சில இடங்களில் 2,500 மில்லிமீட்டரை எட்டும். புதிதாக வெட்டிய மலைச்சரிவு அந்த மாதங்களில் சரியும், பாலம் இல்லாத ஓடை வண்டியைத் தடுக்கும், விலை மறுபடி முதுகுச் சுமையின் விலையாகும். ஆகவே சாலை திறப்பு விழாவோடு வேலை முடிந்ததாக எழுதிவிடக் கூடாது. மழைக்காலத்து ஐந்து மாதத்துக்கான சரக்கை முன்கூட்டியே ஊரில் சேர்த்துவைக்க ஒரு கிடங்கு வேண்டும், அதை நிரப்பும் வாடகையை அரசு ஏற்க வேண்டும், வீட்டுக்கும் கழிப்பறைக்கும் கொடுக்கும் மானியத்தில் தூரத்துக்கு என்று தனியாக ஒரு தொகை சேர்க்க வேண்டும். ஆளுக்கு வாரம் ஒரு கிலோ என்ற அந்தக் கஞ்சமான அளவில் பார்த்தாலும் ஐந்து மாதத்துக்கு வேண்டியது சுமார் 87 டன். ஒரு டன் ஏற்றும் பிக்கப் வண்டியில், ஏப்ரல் முடிவதற்குள், எண்பத்தேழு நடை.